எல்லா இடத்தையும் ரூட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

தனியாளாகச் சர்வர் காக்கும் லினக்ஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கல்லூரி ஆய்வகத்திலோ, சிறு மருத்துவமனையின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையிலோ, ஐம்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் மூலையிலோ ஒன்றிரண்டு லினக்ஸ் சர்வர்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஒரு குழு இருக்கும். ஒருவர் உறங்கினால் இன்னொருவர் விழித்திருப்பார். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. நானும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். அதனால் உங்கள் இரவுகள் எனக்குத் தெரியும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2014 ஜூலையில் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 7, 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு ஓய்வுபெற்றது. பத்து ஆண்டுகள் அசையாமல் ஓடிய எத்தனையோ சர்வர்களை நாம் ராக்கிக்கும் ஆல்மாவுக்கும் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் மாற்றிவருகிறோம். புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும் ஒரு பக்கம் வரும். பெரும்பாலோர் அதில் அரை நிமிடம்கூட நிற்பதில்லை. தானாக வந்ததை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அந்த அரை நிமிட முடிவோடுதான் இனி பத்து ஆண்டுகள் வாழப்போகிறோம்.

நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: ரூட் ஃபைல் சிஸ்டத்தை எல்விஎம்மில், அதாவது லாஜிக்கல் வால்யூமில் வைப்பதா, நேரடியாகப் பார்ட்டிஷனில் வைப்பதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் கட்டி, கையால் காத்து, பல ஆண்டுகள் ஓடவேண்டிய சர்வர் என்றால் எல்விஎம்மில் வையுங்கள். ஆனால் வால்யூம் குரூப்பில் கணிசமான இடத்தை யாருக்கும் கொடுக்காமல் மீதம் வையுங்கள். மீதம் வைக்கப்போவதில்லை என்றால் எல்விஎம்மே வேண்டாம். அது உங்களுக்குச் சுமையாக மட்டுமே இருக்கும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு, எல்விஎம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். டிஸ்க்கையோ பார்ட்டிஷனையோ முதலில் பிசிக்கல் வால்யூமாக்குகிறோம். ஒன்றோ பலவோ சேர்ந்தது வால்யூம் குரூப். அந்தக் குரூப்பில் உள்ள இடமெல்லாம் ஒரே அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. நாம் மாற்றாவிட்டால் ஒரு துண்டு 4 எம்பி. 100 ஜிபி இடம் என்றால் 25,600 துண்டுகள். லாஜிக்கல் வால்யூம் என்பது அந்தத் துண்டுகளில் எவையெவை தனக்குச் சொந்தம் என்ற பட்டியல்தான். நிலத்தை வேலி போட்டுப் பிரிப்பது பார்ட்டிஷன். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வீடு கட்டிவிட்டால் அசைக்க முடியாது. பட்டியலில் வரி சேர்ப்பதற்கோ அடுத்தவர் யாரும் நகர வேண்டியதில்லை.

இது நேற்று வந்த எண்ணமல்ல. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 1990-லேயே ரூட்டை 'ரூட்விஜி' என்ற வால்யூம் குரூப்புக்குள் வைத்தது. எச்பி-யூஎக்ஸில் இருந்த வால்யூம் மேனேஜரை முன்மாதிரியாகக் கொண்டு ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் 1998-ல் லினக்ஸுக்கு எல்விஎம்மை எழுதினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் டிவைஸ் மேப்பர் சேர்ந்ததும் இன்று நாம் புழங்கும் எல்விஎம்2-க்கு அடித்தளம் கிடைத்தது. வேகம் குறையுமே என்ற பயமும் வேண்டாம். சாதாரண லாஜிக்கல் வால்யூமில் நடப்பது, கேட்ட இடத்தின் எண்ணோடு இன்னொரு எண்ணைக் கூட்டி டிஸ்க்குக்கு அனுப்புவது மட்டும்தான். உங்கள் சர்வரில் அதை நீங்கள் உணரவே மாட்டீர்கள்.

அப்படியானால் 'ரூட்டை மட்டும் எல்விஎம்மில் வைக்காதே' என்று மூத்தவர்கள் சொன்னது ஏன்? அவர்கள் சொன்ன காலத்தில் அது சரியான அறிவுரை. பழைய கிரப்புக்கு எல்விஎம்மைப் படிக்கத் தெரியாது. கையில் இருந்த மீட்பு சிடியில் எல்விஎம் கருவிகள் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ரூட் கெட்டால் உள்ளே நுழையவே வழியிருக்காது. இன்று கிரப் 2 எல்விஎம்மைப் படிக்கும். பரவலாகப் புழங்கும் மீட்பு யூஎஸ்பிகளில் கருவிகள் இருக்கின்றன. அந்தக் காரணம் போய்விட்டது. போகாத காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்த இரவைச் சொல்கிறேன். ஓர் அலுவலகம், கணக்கு மென்பொருள், அதற்கான டேட்டாபேஸ், உள் இணையதளம் எல்லாம் ஒரே சர்வரில். சென்ட்ஓஎஸ் 7, தானாக வந்த பிரிப்பு. இரவு பத்தரைக்கு டேட்டாபேஸ் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. உள்ளே போய் ஒரு கோப்பின் பெயரைப் பாதி எழுதி டேப் அழுத்தினேன். தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று பிழை வந்தது. ரூட் முழுக்க நிரம்பியிருந்தது. 50 ஜிபியில் ஒரு துளி இடமில்லை. அதே டிஸ்க்கில் ஹோம் என்ற இன்னொரு வால்யூம் 400 ஜிபிக்கு மேல் விரிந்து கிடந்தது. அதற்குள் இருந்தவை மூன்று பேருடைய சில கோப்புகள்.

இது அந்த அலுவலகத்தின் தவறல்ல. அந்த இன்ஸ்டாலரின் இயல்பே அது. இடம் போதுமான அளவுக்கு இருந்தால் ரூட்டுக்கு அதிகபட்சம் 50 ஜிபி கொடுத்து, ஸ்வாப்புக்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் அத்தனையையும் ஹோமுக்குக் கொட்டிவிடும். பலர் உட்கார்ந்து வேலை செய்யும் கணினிக்கு அது பொருந்தும். சர்வரில் ஹோமில் யாரும் குடியிருப்பதில்லை. டேட்டாபேஸும் லாகும் கன்டெய்னர் இமேஜ்களும் போய்ச் சேர்வது வார் டைரக்டரியில். அந்த வார் இருப்பது ரூட்டுக்குள்.

சரி, எல்விஎம்தானே, ஹோமைச் சுருக்கி ரூட்டை வளர்த்தால் ஆயிற்று என்று நினைத்தேன். அங்கேதான் சுவரில் மோதினேன். ரெட் ஹேட் 7-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக வருவது எக்ஸ்எஃப்எஸ். அது வளரும், சுருங்காது. வால்யூமைச் சுருக்க எல்விஎம் தயார். அதன்மேல் இருக்கும் ஃபைல் சிஸ்டம் இடம் கொடுக்காது. கடைசியில் ஹோமில் இருந்ததை வேறு இடத்துக்கு நகலெடுத்து, அந்த வால்யூமையே அழித்து, கிடைத்த இடத்தில் ஒரு பகுதியை ரூட்டுக்குச் சேர்த்து, சின்னதாக ஒரு ஹோமை மறுபடி உருவாக்கி, கோப்புகளைத் திரும்ப வைத்தேன். முடிக்கும்போது மணி இரண்டே கால்.

ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ரூட்டை வளர்த்தது எத்தனை நேரம் தெரியுமா? ஒரு கட்டளை, சில விநாடிகள். சர்வரை நிறுத்தக்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம், கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்குவதில் போயிற்று. அந்த இரவில் நான் கற்ற பாடம்: வளர்ப்பது ஒரு வரி, சுருக்குவது ஓர் இரவு. இஎக்ஸ்டி4-ஆக இருந்தாலும் பெரிய வேறுபாடில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும். சுருக்க வேண்டுமென்றால் அன்மவுண்ட் செய்தாக வேண்டும். ரூட்டை ஓடும் நிலையில் அன்மவுண்ட் செய்ய முடியாது. சர்வரை நிறுத்தி, மீட்பு யூஎஸ்பியில் பூட் செய்துதான் அந்த வேலையைத் தொட முடியும்.

ஆகவே எல்விஎம் என்ற அடுக்கின் பயன் அந்த அடுக்கிலேயே இல்லை. கொடுக்காமல் வைத்த இடத்தில் இருக்கிறது. வீட்டில் விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பார்கள். பசித்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். அது சும்மா கிடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வால்யூம் குரூப்பில் மீதமிருக்கும் இடத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எந்த வால்யூம் எப்போது நிரம்பும் என்று இன்ஸ்டால் செய்யும் நாளில் யாருக்கும் தெரியாது. தெரியாததை ஊகித்துப் பிரித்துக் கொடுப்பதைவிட, தெரியவரும் நாள்வரை கையில் வைத்திருப்பது நல்லது.

இன்ஸ்டாலர்களை உருவாக்குபவர்களில் சிலர் இதைப் புரிந்திருக்கிறார்கள். உபுண்டு சர்வரில் எல்விஎம்மைத் தேர்ந்தால், 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவைக்கும். ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கினோமே, 98 ஜிபிதானே காட்டுகிறது என்று பலர் பதறிப்போய், கிடைத்த கட்டளையைத் தட்டி மீதம் அத்தனையையும் ரூட்டில் சேர்த்துவிடுகிறார்கள். நண்பர்களே, அது பிழையல்ல. உங்களுக்காக எடுத்து வைத்த கையிருப்பு. ஃபெடோரா சர்வர் இன்னும் சிக்கனம். ரூட்டுக்கு 15 ஜிபி கொடுத்து மற்றதைக் குரூப்பிலேயே வைக்கிறது. டெபியனின் வழிகாட்டிப் பிரிப்பு, குரூப்பில் எவ்வளவைப் பயன்படுத்தலாம் என்று உங்களையே கேட்கும். அந்தக் கேள்விக்கு 'முழுவதும்' என்று எண்டர் தட்டிவிடாதீர்கள்.

கையிருப்பு இருந்தால் இன்னும் இரண்டு வழிகள் திறக்கும். ஒன்று ஸ்னாப்ஷாட். பெரிய அப்டேட்டுக்கு முன் ரூட்டுக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஓடிக்கொண்டிருக்கும் ரூட் என்பதால் திரும்புதல் அடுத்த பூட்டில்தான் நடக்கும். இதில் இரண்டு எச்சரிக்கை. ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அது செல்லாததாகிவிடும். மூலத்துக்கு ஆபத்தில்லை, ஆனால் திரும்பும் வழி போய்விடும். அடுத்தது, பூட் டைரக்டரி பெரும்பாலும் எல்விஎம்முக்கு வெளியே தனிப் பார்ட்டிஷனில் இருக்கிறது. ரூட் பின்னால் போனாலும் பூட்டில் இருக்கும் புதிய கர்னல் அங்கேயே நிற்கும். அதற்கான மாட்யூல்களோ ரூட்டோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆகவே திரும்பிய பிறகு கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்து பூட் செய்யுங்கள். வேலை முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள். அது பேக்கப் அல்ல. அதே டிஸ்க்கில் இருப்பது எதுவும் பேக்கப் அல்ல.

இன்னொன்று, டிஸ்க் மாற்றுவது. ஸ்மார்ட் கணக்கில் கெட்ட செக்டர்கள் கூடிக்கொண்டே போகும் டிஸ்க் ஒன்றில் ரூட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது டிஸ்க்கைச் செருகி, அதைக் குரூப்பில் சேர்த்து, பிவி-மூவ் கட்டளை கொடுத்தால் துண்டு துண்டாக எல்லாம் புது டிஸ்க்குக்கு நகரும். பயனாளர்கள் வேலை செய்துகொண்டே இருக்கலாம். இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் இதைச் செய்தபோது ஒரு பகல் முழுவதும் ஓடியது. கீழே இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. எல்விஎம்முக்கு வெளியே இருக்கும் பூட், இஎஃப்ஐ பார்ட்டிஷன்களை மட்டும் கையால் நகலெடுத்து, புது டிஸ்க்கிலிருந்து பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும். வெறும் பார்ட்டிஷனில் ரூட் இருந்திருந்தால் இதற்குச் சர்வரை நிறுத்தியே ஆகவேண்டும்.

இனி மறுபக்கம். போகாத காரணம் ஒன்று உண்டு என்றேனே, அது இது: ரூட் எல்விஎம்மில் இருந்தால், ரூட்டைத் திறக்கும் சாவி ரூட்டுக்கு வெளியே இருந்தாக வேண்டும். கர்னல் எழுந்ததும் அதற்கு வால்யூம் குரூப் தெரியாது. இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தற்காலிக உலகத்துக்குள் எல்விஎம் கருவிகள் இருந்து, குரூப்பைத் தேடி எழுப்பிய பிறகுதான் ரூட் கண்ணில் படும். அந்த இனிட்ராம்எஃப்எஸ் சரியாக உருவாகாமல் போனால், ரூட் கிடைக்கவில்லை என்று சொல்லி ஒரு வெற்று ஷெல்லில் இறங்கி நிற்கும். தரவு எதுவும் கெட்டிருக்காது. ஆனால் அந்தத் திரையை முதன்முதலாக நள்ளிரவில் பார்ப்பவருக்கு எல்லாம் போய்விட்டதுபோல் இருக்கும்.

அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்றில் நான் மாட்டியிருக்கிறேன். மதர்போர்டு செத்துப்போன ஒரு சர்வரின் டிஸ்க்கைக் கழற்றி, பக்கத்தில் இருந்த இன்னொரு சர்வரில் மாட்டினேன். இரண்டும் ஒரே விதமாக இன்ஸ்டால் செய்யப்பட்டவை. இரண்டின் வால்யூம் குரூப்புக்கும் பெயர் 'சென்ட்ஓஎஸ்'. ஒரே பெயரில் இரண்டு குரூப் நின்றதும் எது எது என்று எல்விஎம்முக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. யூயூஐடியை வைத்து அடையாளம் காட்டி, புதிதாக மாட்டிய டிஸ்க்கின் குரூப்புக்கு வேறு பெயர் வைத்த பிறகுதான் மவுண்ட் செய்ய முடிந்தது. தரவை எடுத்தேன். புது மதர்போர்டு வந்ததும் டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் பூட் ஆகவில்லை. கிரப்பிலும் எஃப்எஸ்டேபிலும் பழைய பெயர் எழுதியிருக்க, டிஸ்க்கில் இருந்தது நான் வைத்த புதுப்பெயர். பழைய பெயரைத் திரும்ப வைத்ததும் எழுந்தது. அன்றிலிருந்து எந்தச் சர்வரைக் கட்டினாலும் அதன் வால்யூம் குரூப்புக்கு அந்தச் சர்வரின் பெயரையே வைக்கிறேன். ஒரு நொடி வேலை. ஓர் இரவைக் காப்பாற்றும்.

மூன்றாவது ஆபத்துதான் மிகக் கொடியது. ஏனென்றால் அது வசதியின் வேடத்தில் வரும். ரூட் நிரம்பிவிட்டது, குரூப்பில் இடமில்லை, இன்னொரு டிஸ்க் சும்மா இருக்கிறது. அதைக் குரூப்பில் சேர்த்து ரூட்டை அதன்மேல் நீட்டிவிடலாம், எல்விஎம் தடுக்காது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ரூட் இரண்டு டிஸ்க்குகளில் கால் வைத்து நிற்கிறது. எந்த ஒன்று போனாலும் ரூட் போய்விடும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் அப்படித்தான் நடந்தது. பிற்பாடு சேர்த்த டிஸ்க் எட்டே மாதத்தில் செத்தது. முதல் டிஸ்க் நன்றாகவே இருந்தும் சர்வர் எழவில்லை. ரெய்டு அடியில் இல்லாமல் ரூட்டை இரண்டு டிஸ்க்கில் ஒருபோதும் பரப்பாதீர்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் முதலில் எம்டி ரெய்டு 1 கட்டி, அதன்மேல் எல்விஎம்மை வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லாதது. எல்விஎம் தன் குரூப்பின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் எட்சி டைரக்டரிக்குள் எல்விஎம் என்ற இடத்தில் பேக்கப் எடுத்து வைக்கும். பட்டியல் கெட்டுப்போனால் அதைக் கொண்டு மீட்கலாம். ரூட் அதே குரூப்பில் இருக்கும்போது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிறது. அந்தச் சின்ன எழுத்துக்கோப்பை மாதம் ஒருமுறை வேறு இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். சில கிலோபைட்தான். ரெட் ஹேட் 9 வரிசையில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எந்தெந்த டிஸ்க்கை எல்விஎம் பார்க்கலாம் என்பதற்கு அங்கே தனிக் கோப்பு இருக்கிறது. நகலெடுத்த டிஸ்க்கோ வேறு சர்வரிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்கோ அதில் பதியாதவரை அதன் வால்யூம்கள் கண்ணில் படாது. டிஸ்க் காலி என்று நினைத்து எதையும் அழித்துவிடாதீர்கள்.

எல்விஎம் வேண்டாத இடங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிளவுடில் ஓடும் விர்ச்சுவல் மெஷின் என்றால், டிஸ்க்கையே அந்தப் பக்கம் பெரிதாக்கிக்கொள்ளலாம். அமேசான் லினக்ஸ், உபுண்டுவின் கிளவுட் இமேஜ்கள் ரூட்டை வெறும் பார்ட்டிஷனில்தான் வைக்கின்றன. முதல் பூட்டிலேயே டிஸ்க் அளவுக்கு அது தானாக வளர்ந்துகொள்ளும். பின்னால் வளர்க்க வேண்டுமென்றாலும் குரோபார்ட் ஒருமுறை, ஃபைல் சிஸ்டத்தை விரிப்பது ஒருமுறை, அவ்வளவுதான். ஸ்னாப்ஷாட்டையும் கிளவுடே எடுக்கும். அங்கே எல்விஎம் சேர்ப்பது, திறக்க இன்னொரு கதவைச் சேர்ப்பது மட்டுமே. உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கும் இது பொருந்தும். ஒரே நிபந்தனை: டிஸ்க்கில் ரூட் பார்ட்டிஷன் கடைசியாக நிற்கவேண்டும். ரூட்டுக்குப் பின்னால் ஸ்வாப் நின்றுவிட்டால், டிஸ்க்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த இடம் ஸ்வாப்புக்கு அப்பால்தான் கிடக்கும். ரூட் தொட முடியாது.

ஆன்சிபிள் போன்றவற்றால் முழுச் சர்வரையும் எழுதி வைத்து, கெட்டால் பதினைந்து நிமிடத்தில் புதிதாக எழுப்புகிறவர்களுக்கும் ரூட்டில் எல்விஎம் தேவையில்லை. அவர்களுடைய ரூட்டில் காப்பாற்ற எதுவும் இல்லை. தரவு மட்டும் தனி வால்யூமில் இருந்தால் போதும். பட்டர்எஃப்எஸ்ஸை நன்றாகப் பழகியவர்கள் அதிலேயே ஸ்னாப்ஷாட் எடுக்கிறார்கள். சூசே எண்டர்பிரைஸ் 2014-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ரூட்டை அப்படித்தான் வைக்கிறது. அதுவும் நல்ல வழி. எல்விஎம்மையும் பட்டர்எஃப்எஸ்ஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், அது போதும்.

ஆனால் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் சர்வர் இரும்புப்பெட்டி. டிஸ்க்கைப் பெரிதாக்க எந்தப் பொத்தானும் இல்லை. புதிதாக எழுப்பும் நிரல் எழுத நினைத்தீர்கள், நேரம் கிடைக்கவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவர் எதையோ எங்கேயோ அமைத்திருக்கிறார். அதை அழித்தால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட சர்வருக்குத்தான் கையிருப்போடு கூடிய எல்விஎம் மிகவும் தேவை.

ஆகவே புதிய சர்வரைக் கட்டும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். உங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 500 ஜிபி டிஸ்க் என்றால், எல்விஎம்முக்கு வெளியே இஎஃப்ஐக்கும் பூட்டுக்கும் தனித்தனிப் பார்ட்டிஷன். மற்றதெல்லாம் ஒரே பிசிக்கல் வால்யூம். ரூட்டுக்கு 30 ஜிபி. வாருக்குத் தனியாக 60 ஜிபி. ஸ்வாப்புக்கு 8 ஜிபி. டேட்டாபேஸ் இருந்தால் அதற்கென்று ஒரு வால்யூம், இன்றைய அளவைப்போல் இரண்டு மடங்கு. ஹோமுக்குத் தனி வால்யூம் பெரும்பாலும் வேண்டியதில்லை. மற்றது எதையும் தொடுவதில்லை.

வாரைப் பிரிப்பதற்குக் காரணம் அந்தப் பத்தரை மணி அழைப்பு. லாகும் கன்டெய்னரும் எவ்வளவு வீங்கினாலும் வார் மட்டும் நிரம்பும். ரூட் மூச்சு விடும். நீங்கள் உள்ளே நுழைந்து பார்க்க முடியும். நிரம்பியதும் உடனே வளர்த்துவிடாதீர்கள். ஜர்னல் தானாகவே ஃபைல் சிஸ்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குள், அதிகபட்சம் 4 ஜிபிக்குள் அடங்கிக்கொள்ளும். ஆகவே காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். மறந்துபோன டேட்டாபேஸ் டம்ப்போ, சுழலாமல் வளரும் ஒரு லாகோ, யாரும் புழங்காத பழைய இமேஜோ இருக்கலாம். எது தின்றது என்று கண்டுபிடித்த பிறகு, தேவைப்பட்டால் பத்துப் பத்து ஜிபியாகக் கொடுங்கள். எல்வி-எக்ஸ்டெண்ட் கட்டளையோடு 'ஆர்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே விரியும். கையிருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பவரிடம்தான் அது பத்து ஆண்டு நிற்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு மாலை நேரத்தை இதற்காக ஒதுக்குங்கள். உங்கள் சர்வரைப் போலவே ஒரு விர்ச்சுவல் மெஷின் கட்டி, மீட்பு யூஎஸ்பியில் பூட் செய்யுங்கள். பிவிஎஸ், விஜிஎஸ், எல்விஎஸ் என்று தட்டிப் பாருங்கள். குரூப்பை எழுப்பி, ரூட்டை மவுண்ட் செய்து, அதன்மேல் பூட்டை மவுண்ட் செய்து, சிஎச்ரூட்டில் நுழைந்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்டி வெளியே வாருங்கள். இரண்டாவது முறை செய்யும்போது கை பழகியிருக்கும். செய்த வரிசையை ஒரு தாளில் எழுதி சர்வர் கேபினட்டின் கதவுக்குள் ஒட்டுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில், அல்லது வேலை மாறிப்போன பிறகு, அந்தச் சர்வரின் முன் நிற்கப்போவது வேறொருவர். அவருக்கு உங்கள் எண் தெரிந்திருக்காது. அந்தத் தாள்தான் இருக்கும்.

இப்போதே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சர்வரில் உள்நுழைந்து விஜிஎஸ் என்று தட்டுங்கள். தலைப்புக்குக் கீழே ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு வரி வரும். அந்த வரியின் கடைசியில் நிற்கும் எண், யாருக்கும் கொடுக்காமல் மீதமிருக்கும் இடம். அங்கே சுழியம் இருந்தால், அடுத்த முறை கட்டும்போது இந்த மடலை நினைத்துக்கொள்ளுங்கள். எண் இருந்தால், அதை அங்கேயே இருக்க விடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்